சிக்னல் இல்லாத கொள்முதல் நாள்: கைபேசியில் சேமித்து வைத்த மென்பொருள் ஆவணங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் 2025 அக்டோபரில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பெயர்கள் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நடந்ததைச் சொல்வதில் அவர்களுக்குத் தடை இல்லை. நான் இந்தப் பக்கத்தில் இதுபோன்ற சில அலுவலகங்களுக்குக் கணினி வேலைகளில் ஆலோசனை சொல்பவன். அங்கே பில் மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் பெண் எழுதிவைத்திருந்த நோட்டு, கணினியில் பதிவான பிழைச் செய்திகள், எங்களுக்குள் நடந்த தொலைபேசிப் பேச்சு ஆகியவற்றை வைத்து இதை எழுதுகிறேன்.

இணையம் சரியாக வராத இடங்களில் நிரல் வேலை பார்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டவர்கள், அரிசி ஆலையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பில் போடும் மென்பொருளைக் கவனித்துக்கொள்பவர்கள். அவர்களுக்குக் கைபேசிதான் நூலகம். அந்த நூலகம் தேவைப்படும் நேரத்தில் திறக்க வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

பின்னணி

நிறுவனத்தின் அலுவலகம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில், நெல் கோடவுனை ஒட்டி இருக்கிறது. தகரக் கூரை. உள்ளே போனால் கைபேசியில் ஒரு கோடு சிக்னல் தெரியும், சில நேரம் அதுவும் போய்விடும். களத்து மேட்டில் நின்றால் டேட்டா ஓரளவு வரும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவரின் பேட்டரி தீரும் வரைதான் அதுவும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, எத்தனையோ நாள் பேச்சும் இல்லை, டேட்டாவும் இல்லை என்பதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சின்ன அளவில் அதே நிலை ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறது.

ஐப்பசி இவர்களுக்கு நெருக்கடியான மாதமும்கூட. மேட்டூர் அணை ஜூன் 12 வாக்கில் திறக்கும் ஆண்டுகளில் குறுவை அறுவடை செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். அதே அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கும். நெல் ஈரமாகவே களத்துக்கு வரும். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை என்பது வழக்கமான வரம்பு. இந்த நிறுவனமும் உறுப்பினர்களிடம் நெல் வாங்கும்போது அதே 17-ஐ எல்லையாக வைத்து, அதற்கு மேல் போனால் எடையில் கழிவு பிடித்துவந்தது. கழிவைக் கையால் கணக்கிட்டு, பில்லில் நிகர எடையை மட்டும் போடுவார்கள். “எவ்வளவு கழிச்சீங்கன்னு சீட்டுல தெரியலையே” என்று உறுப்பினர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் இந்தக் குறுவைக்கு ஈரப்பதமும் கழிவும் பில்லிலேயே வர வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

பில் போடும் மென்பொருள் பைத்தான் மொழியில், ஜாங்கோ என்ற கட்டமைப்பில் எழுதப்பட்டது. தரவுத்தளம் எஸ்க்யூலைட். எழுதிக் கொடுத்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். அலுவலகக் கணினி பழையது, விண்டோஸ் 7. அந்த விண்டோஸில் ஓடும் கடைசி பைத்தான் 3.8. அதன் மேல் ஜாங்கோ 3.2 நிறுவப்பட்டிருந்தது. இந்த இரண்டு எண்களும் பின்னால் முக்கியமாகின்றன.

மென்பொருளைக் கவனித்துக்கொள்பவர் அந்த ஊர்ப் பெண். கணினிப் பொறியியலில் டிப்ளமோ படித்தவர். காலையில் கணக்கு எழுதுவார், மாலையில் நிரல் பார்ப்பார். சொந்தமாக மடிக்கணினி கிடையாது. படிப்பதெல்லாம் கைபேசியில்தான்.

கைபேசியில் என்ன இருந்தது

இந்தப் பெண் எதையும் சேமிக்காமல் விட்டவர் அல்ல, அதைச் சொல்லியாக வேண்டும். திருத்துறைப்பூண்டிக்குப் போகும் நாட்களில் பேருந்து நிலையத்தில் நல்ல டேட்டா கிடைக்கும். அங்கே உட்கார்ந்து தேவையான பக்கங்களைத் தேடி, குரோமில் டவுன்லோடு பொத்தானை அழுத்தி வைத்துக்கொள்வார். அப்படி ஜாங்கோவின் மாடல், ஃபார்ம், டெம்ப்ளேட் பற்றிய பக்கங்கள் தனித்தனியாக இருந்தன. ஜாங்கோ ஆவணம் முழுவதும் அடங்கிய ஜிப் கோப்பு ஒன்றை இறக்கி, விரித்தும் வைத்திருந்தார். பைத்தான் கையேடு பிடிஎஃப் ஆகவும், வேறு ஒரு புத்தகம் ஈபப் ஆகவும் இருந்தன. கல்லூரி நாட்களில் பழகுவதற்காகப் போட்ட டெர்மக்ஸ் செயலியும் (கைபேசியிலேயே கட்டளை அடித்து நிரல் ஓட்ட உதவுவது), அதற்குள் பைத்தானும் இருந்தன.

பார்த்தால் குறை ஒன்றும் தெரியாது. ஆனால் உண்மையில் அவர் படித்துவந்தது தனித்தனியாகச் சேமித்த பக்கங்களை மட்டும்தான். பிடிஎஃப் என்பது ஏ4 தாளுக்காக அமைத்தது. ஆறங்குலத் திரையில் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். ஈபப் திரைக்கு ஏற்ப மடங்கிக்கொள்ளும், உரைநடைக்கு அது சுகம். ஆனால் நிரல் வரிகளும் சேர்ந்து மடங்கிவிடும். பைத்தானில் வரி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதற்கே பொருள் உண்டு. மடங்கிய வரியைப் புது வரி என்று நினைத்தால் போச்சு. ஜிப்பை விரித்த கோப்புறையை இறக்கிய நாளுக்குப் பிறகு அவர் திறந்து பார்க்கவே இல்லை.

இன்னொன்று, அந்தத் தனிப் பக்கங்கள் எல்லாம் தேடலில் முதலில் வந்தவை. அதாவது அப்போதைய புதிய பதிப்பான ஜாங்கோ 5.2-க்கு உரியவை. அலுவலகக் கணினியில் இருந்ததோ 3.2.

கொள்முதலுக்கு முந்தைய மாலை

நிகர எடையைக் கணக்கிட வழி தேடியபோது, சேமித்த மாடல் பக்கத்தில் ஜெனரேட்டட் ஃபீல்டு என்ற ஒன்று அவர் கண்ணில் பட்டது. அட்டவணையின் மற்ற பத்திகளிலிருந்து தரவுத்தளமே ஒரு மதிப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் வசதி அது. மொத்த எடை, ஈரப்பதம், கழிவு, நிகர எடை என்ற கணக்குக்கு அளந்து தைத்தது மாதிரிதான் இருக்கிறது. ஆவணத்தில் உள்ளபடியே எழுதினார். ஓட்டினார். மாடல்ஸ் தொகுதியில் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பிழை வந்தது.

அந்த வசதி ஜாங்கோ 5.0-இல்தான், 2023 டிசம்பரில், முதன்முதலாக வந்தது. 3.2-இல் அது இருக்க வழியில்லை. இதை அந்தப் பக்கம் ஏன் சொல்லவில்லை என்று அவர் பின்னால் என்னிடம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. பைத்தான் மொழியின் சொந்த ஆவணத்தில் ஒவ்வொரு வசதிக்கும் கீழே ‘இது 3.9-இல் புதிதாக வந்தது’ என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும், அது ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். ஜாங்கோ ஆவணத்திலும் அப்படிக் குறிப்பு போடுவார்கள். ஆனால் அடுத்தடுத்த பதிப்புகள் வரும்போது பழைய குறிப்புகளை நீக்கிவிடுவார்கள். 5.1-இன் ஆவணத்தைப் பார்த்திருந்தால் ‘5.0-இல் புதியது’ என்பது கண்ணில் பட்டிருக்கும். 5.2-இன் ஆவணத்தில் அது கிடையாது. புதிய ஆவணத்தை வைத்துக்கொண்டு பழைய நிறுவலில் வேலை பார்ப்பவருக்கு, எது எப்போது வந்தது என்பது அந்தப் பக்கத்தில் எங்குமே தெரியாது.

நிறுவலில்தான் ஏதோ கோளாறு என்று அவர் நினைத்தார். ஆவணத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒன்று கணினியில் இல்லை என்றால் வேறு எப்படி நினைப்பது? இருட்டிய பிறகு டேட்டா கொஞ்சம் வந்தது. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்து, பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையால் ஜாங்கோவைப் புதுப்பித்தார். வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று செய்தியும் வந்தது. அப்போது நிறுவப்பட்டது 4.2. ஜாங்கோ 5.0-க்குக் குறைந்தது பைத்தான் 3.10 வேண்டும். கணினியில் 3.8 இருந்ததால், அதற்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை பிப் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொண்டது. பழைய 3.2-ஐ நீக்கியும் விட்டது.

மறுபடி ஓட்டியபோது வேறு பிழை. யுஆர்எல் என்ற செயற்கூற்றை இறக்குமதி செய்ய முடியவில்லை என்றது. இந்த முறை நின்றது புதிதாக எழுதிய வரியில் இல்லை. ஆண்டுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த பழைய கோப்பு. மென்பொருள் திறக்கவே இல்லை. அதற்குள் டேட்டா போய்விட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. விடிந்தால் கொள்முதல்.

கொள்முதல் காலை

டிராக்டர்கள் வரத் தொடங்கியதும் முதன்மைச் செயல் அலுவலரிடம் அந்தப் பெண் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறைக்கவில்லை. அவரும் சத்தம் போடவில்லை. மூட்டைகளை நிறுத்தி வைத்தால் தார்ப்பாய்க்கு அடியில் நெல் முளைத்துவிடும் என்பதால், கைச்சீட்டு எழுதி வாங்கலாம் என்று முடிவு செய்தார். எடை, ஈரப்பதம், உறுப்பினர் எண் மூன்றும் ஒவ்வொரு சீட்டிலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். அந்த நாளில் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான் என்பது என் கருத்து. கொள்முதல் நிற்கவில்லை. அதனால் கணினியைப் பதறாமல் பார்க்க முடிந்தது.

கரண்ட் ஒன்பது மணிக்கு முன்பே போனது. யுபிஎஸ் சில நிமிடம்தான் தாங்கும் என்பதால் கணினியை முறையாக நிறுத்திவிட்டார். இனி படிப்பது என்றால் கைபேசியில் மட்டும்தான்.

தனியாகச் சேமித்த பக்கங்களில் யுஆர்எல் பிழையைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்போதுதான் விரித்து வைத்த கோப்புறை நினைவுக்கு வந்து, உள்ளே முகப்புப் பக்கத்தைத் தட்டினார். பக்கம் வந்தது, ஆனால் அலங்காரம் எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக. எந்த இணைப்பைத் தொட்டாலும் கோப்பு கிடைக்கவில்லை என்றது. தேடல் பெட்டி வேலை செய்யவில்லை. ஜிப் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மூடிவிட்டார்.

ஜிப் நன்றாகத்தான் இருந்தது. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில், கோப்பு மேலாளரிலிருந்து ஒரு பக்கத்தைத் தட்டினால், அந்த ஒரே ஒரு கோப்பைப் படிக்கத்தான் பிரவுசருக்கு அனுமதி கிடைக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் அலங்காரக் கோப்பும் படங்களும் அடுத்த அத்தியாயங்களும் அதற்கு எட்டாது. கணினியில் அதே கோப்புறையைத் திறந்தால் எல்லாம் வரும், கைபேசியில் வராது. இறக்கிய அன்று கணினியில் வைத்துத்தான் அவர் திறந்து பார்த்திருந்தார்.

தொலைபேசியில் எடுத்த முடிவுகள்

முற்பகலில் அவர் இருசக்கர வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து என்னை அழைத்தார். பேச்சு கேட்டது, டேட்டா நகரவில்லை. “சார், எல்லாமே போயிடுச்சுன்னு நெனக்கிறேன்” என்றுதான் தொடங்கினார்.

“மைக்ரேட் கட்டளை கொடுத்தீங்களாம்மா?” என்று முதலில் கேட்டேன். தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றும் கட்டளை அது. இல்லை என்றார். நிம்மதியாக இருந்தது. மென்பொருள் தொடக்கத்திலேயே நின்றுவிட்டதால் தரவுத்தளத்தை எதுவும் தொட்டிருக்க வாய்ப்பில்லை. உறுப்பினர் கணக்குகள் பத்திரம். கரண்ட் வந்ததும் வேறு எதையும் செய்வதற்கு முன் தரவுத்தளக் கோப்பு இருக்கும் கோப்புறையை முழுதாக ஒரு பென்டிரைவில் நகல் எடுக்கச் சொன்னேன்.

அடுத்தது, பழைய 3.2-க்குத் திரும்புவதா, 4.2-இலேயே நின்று நிரலைத் திருத்துவதா என்பது. திரும்புவதுதான் பாதுகாப்பான வழி. சாதாரண நாளாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் 3.2-இன் நிறுவல் கோப்பு யாரிடமும் இல்லை. சுமார் 8 எம்பி அளவுள்ள அதை இறக்க அந்த டேட்டாவால் முடியாது. 4.2 நீண்டகால ஆதரவுப் பதிப்பு, பைத்தான் 3.8-இல் ஓடும், அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஏப்ரல் வரை அறிவிக்கப்பட்டிருந்தன. நிரலில் மாற்ற வேண்டியவை சில வரிகளாகத்தான் இருக்கும் என்று கணித்தேன். 4.2-இலேயே நிற்க முடிவு செய்தோம்.

அந்தத் திருத்தத்தை வாயாலேயே சொல்லியிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். யுஆர்எல்லுக்குப் பதில் ரீ-பாத் என்று போட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் நிரல் என் முன்னால் இல்லை. 3.2-இலிருந்து 4.2-க்கு வரும் வழியில் நீக்கப்பட்டவை இன்னும் பல. அவற்றில் எவை அந்த நிரலில் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பிழைக்கும் அவர் மழையில் சாலைக்கு வந்து அழைத்துக்கொண்டிருக்க முடியாது. விட்டு விட்டுக் கேட்கும் அழைப்பில் ஒரு அடிக்கோடு தவறிப்போனாலும் புதுக் குழப்பம். முழுப் பட்டியல் அவர் கண்முன்னால் இருப்பதுதான் சரி. அந்தப் பட்டியல் அவருடைய பையிலேயே இருந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று சொல்லும் வெளியீட்டுக் குறிப்புகள், பழைய பதிப்புகளுக்கு உரியவையும்கூட, ஜாங்கோ ஆவணத்தில் சேர்ந்தே வரும். 5.2-இன் ஜிப் என்றாலும் 4.0, 4.1, 4.2 குறிப்புகள் அதற்குள் உண்டு.

அதைத் திறக்க வழி சொன்னேன். டெர்மக்ஸைத் திறந்து, ஆவணக் கோப்புறைக்குள் போய், பைத்தானோடு கூடவே வரும் சிறிய எச்டிடிபி சர்வரை ஓட்ட வேண்டும். ஒரே வரிக் கட்டளை. வேறு எதையும் நிறுவத் தேவையில்லை, இணையமும் வேண்டாம். பிறகு குரோமில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு 8000 என்ற எண்ணைக் கொடுத்தால், கைபேசி தன்னிடமே பக்கத்தைக் கேட்டு வாங்கிக் காட்டும். கோப்புகள் இப்போது ஒரு சர்வர் வழியாக வருவதால் அனுமதிச் சிக்கல் எழாது. கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவர் கைச்சீட்டுக் கட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். “வெளியீட்டுக் குறிப்புல 4.0 பக்கத்தை முழுசாப் படிங்கம்மா. கடைசில ‘நீக்கப்பட்டவை’ன்னு ஒரு பகுதி இருக்கும், அதை நிரலோட ஒப்பிட்டுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது.

திருத்தம்

மற்றதெல்லாம் அவர் தனியாகச் செய்தது.

சர்வர் முதல் தடவையே ஓடியது. பக்கங்கள் முழு அலங்காரத்தோடு வந்தன, இணைப்புகள் வேலை செய்தன. தேடலும் வேலை செய்தது. ஜாங்கோ ஆவணத்தை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி, தேடலுக்கான சொல்லடைவையும் ஒரு கோப்பாக அதே கோப்புறைக்குள் வைத்துவிடுகிறது. தேடல் பிரவுசருக்குள்ளேயே நடப்பதால் இணையம் தேவையில்லை.

ஒரு தொல்லை மட்டும் வந்தது. திரையை அணைத்துவிட்டு, சீட்டு எழுதப் போய்த் திரும்பினால் பக்கம் வரவில்லை. பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று கைபேசி பின்னணியில் இருந்த டெர்மக்ஸை நிறுத்திவிட்டிருந்தது. இரண்டாவது தடவை அப்படி ஆனதும் காரணத்தை அவரே கண்டுபிடித்து, அமைப்புகளில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்.

4.0 குறிப்பில், அவருடைய நிரலோடு தொடர்புடையவை மூன்று இருந்தன. யுஆர்எல் செயற்கூறு நீக்கப்பட்டது ஒன்று. மொழிபெயர்ப்புக்கான, ‘யு’ என்ற எழுத்தில் தொடங்கும் பழைய கெட்-டெக்ஸ்ட் பெயர்கள் நீக்கப்பட்டது இன்னொன்று. தமிழில் பில் அச்சிடும் மென்பொருள் என்பதால் அவை பல கோப்புகளில் இருந்தன. மூன்றாவது, வேறு தளத்திலிருந்து வரும் போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்புக்காக நம்பகமான முகவரிகளைக் குறிப்பிடும் அமைப்பில், முகவரிக்கு முன்னால் எச்டிடிபி என்ற முன்னொட்டும் இனி இருக்க வேண்டும் என்பது. எடைமேடையில் இருக்கும் டேப்லெட் அலுவலகக் கணினியோடு பேசுவதற்காக அந்த அமைப்பில் ஒரு முகவரி போட்டிருந்தார்கள். இது நீக்கப்பட்டவை பட்டியலில் வராது, பழைய பதிப்போடு ஒத்துப்போகாத மாற்றங்கள் என்ற வேறு பகுதியில் வரும். பக்கத்தை முழுதாகப் படித்ததால்தான் அவர் கண்ணில் பட்டது. 4.1, 4.2 குறிப்புகளையும் பார்த்தார். அவருக்குத் தேவையானது எதுவும் அவற்றில் இல்லை.

கணினி ஓடாத நேரத்தில் நிரலை எப்படிப் பார்த்தார்? போன மாதமே நிரல் கோப்புகளைக் கைபேசிக்கு நகல் எடுத்து வைத்திருந்தார், இரவில் வீட்டில் படிப்பதற்காக. எந்தக் கோப்பில் எந்த வரி என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மணி வாக்கில் கரண்ட் வந்தபோது என்ன செய்ய வேண்டும் என்பது முழுதும் தாளில் இருந்தது. நகல் எடுத்தார், ஜெனரேட்டட் ஃபீல்டு வரியை எடுத்துவிட்டு மற்ற வரிகளை மாற்றினார், ஓட்டினார். மென்பொருள் திறந்தது. டேப்லெட்டும் இணைந்தது.

ஈரப்பதக் கழிவை அன்றைக்குச் சேர்க்க வேண்டாம் என்று அவரே தீர்மானித்தார். எனக்கு அதில் முழு உடன்பாடு. பழையபடி பில் போட முடிந்தால் அன்றைக்குப் போதும். கைச்சீட்டுகளை மாலைக்குள் கணினியில் ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு சீட்டில் ஈரப்பதம் எழுத விட்டுப்போயிருந்தது. அந்த உறுப்பினரை அழைத்து, மூட்டையிலிருந்து மறுபடி மாதிரி எடுத்து அளந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில், ஜெனரேட்டட் ஃபீல்டை விட்டுவிட்டு, பதிவைச் சேமிக்கும் நேரத்தில் நிகர எடையைக் கணக்கிடும் சாதாரண முறையில் எழுதினார். 3.2-இலும் ஓடும், 4.2-இலும் ஓடும். தரவுத்தள நகலில் ஓட்டிப் பார்த்த பிறகே உண்மையானதில் போட்டார். இப்போது பில்லில் மொத்த எடை, ஈரப்பதம், கழிவு, நிகர எடை நான்கும் வருகின்றன.

மாற்றிக்கொண்டவை

நிறுவனத்தில் நாங்கள் உட்கார்ந்து பேசியபோது, நல்ல இணைய இணைப்பு வாங்கிவிடலாம் என்ற யோசனைதான் முதலில் வந்தது. வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் கரண்டும் டவரும் சேர்ந்து போகும் நாளில் அதுவும் போய்விடும். ஆவணம் கையில் இருக்க வேண்டிய நாளே அந்த நாள்தான்.

முதலில் பதிப்பு எண்ணை ஒட்டினோம். கணினியில் என்னென்ன நிறுவப்பட்டுள்ளன, எந்தப் பதிப்பு என்ற பட்டியலை பிப் ஃப்ரீஸ் கட்டளையால் எடுத்து, அச்சிட்டு, கணினி மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். கைபேசியில் ஆவணக் கோப்புறையின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது. ஜாங்கோ 4.2, பைத்தான் 3.8 என்று அந்தந்தப் பதிப்புக்கு உரிய எச்டிஎம்எல் ஜிப்பை இறக்கினோம். பைத்தான் தளத்தில் பழைய பதிப்புகளின் ஆவணங்களும் இறக்குவதற்குக் கிடைக்கின்றன. எஸ்க்யூலைட்டும் தன் ஆவணம் முழுவதையும் ஒரே ஜிப்பாகத் தருகிறது. மூன்றும் சேர்ந்தும் கைபேசியில் இடத்தை அடைக்கவில்லை. ஜாங்கோ 5.2-இன் ஜிப்பை அழித்துவிட்டோம். வைத்திருந்தால் அவசரத்தில் கை அதற்குப் போகும்.

பல மென்பொருள்களின் ஆவணங்களை ஒரே இடத்தில் தரும் டெவ்டாக்ஸ் தளத்தின் ஆஃப்லைன் வசதியையும் யோசித்தோம். வேண்டிய பதிப்பைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம், கைபேசித் திரையில் படிக்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது தரவைப் பிரவுசரின் சேமிப்பிடத்தில் வைக்கிறது. இடம் போதவில்லை என்று யாராவது பிரவுசர் தரவை அழித்தால் ஆவணமும் போய்விடும். அந்தப் பெண்ணின் கைபேசி வீட்டில் தம்பி தங்கைகளும் கையாளும் கைபேசி. அதனால் அதைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். இணையதளங்களை இறக்கி வைத்துப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியில் கேள்வி பதில் தளங்களின் முழுத் தொகுப்பும் கிடைக்கும். ஆனால் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தொகுப்பு மட்டுமே பல பத்து ஜிபி ஆகும் என்பதால் இந்தக் கைபேசிக்கு ஒத்துவராது.

அடுத்தது நிறுவல் கோப்புகள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு தொகுப்பின் நிறுவல் கோப்பையும் பிப் டவுன்லோடு கட்டளையால் ஒரு பென்டிரைவில் இறக்கி, பீரோவில் வைத்திருக்கிறார்கள். இணையத்தைத் தேடாமல் அந்தக் கோப்புறையிலிருந்தே நிறுவு என்று பிப்புக்குச் சொல்ல முடியும். முதன்மைச் செயல் அலுவலர் இதைக் கேட்டதும், “விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி” என்றார். புதுப்பிப்பு எதுவானாலும் முதலில், ஓடிக்கொண்டிருக்கும் நிறுவலைத் தொடாத தனி மெய்நிகர்ச் சூழலில்தான் போடுவது, கொள்முதல் நடக்கும் வாரங்களில் போடுவதே இல்லை என்பதும் முடிவாயிற்று.

எல்லாவற்றிலும் அதிகப் பலன் கொடுத்தது ஒரு சோதனை. கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, சர்வரை ஓட்டி, ஒரு கேள்வியைக் கொடுத்து, அதற்கான பக்கத்தை ஆவணத்திலிருந்து தேடி எடுக்க வேண்டும். முதல் சோதனையிலேயே பைத்தான் ஆவணக் கோப்புறை பாதி மட்டும் விரிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இதை மாதம் ஒரு தடவை, சம்பளப் பட்டியல் போடும் நாளில் செய்வது என்று வைத்திருக்கிறார்கள்.

நவம்பரில் நடந்தது

அடுத்த மாதம், ஒரு பதிவு சேமிக்கப்படும் நேரத்தில் கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டது. கணினியைத் திரும்ப இயக்கியபோது தரவுத்தளக் கோப்புக்குப் பக்கத்தில், அதே பெயரோடு ஜர்னல் என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தது. அங்கே நின்ற ஒருவர், கணினி தெரிந்தவர்தான், “பாதியில நின்ன குப்பைக் கோப்பு அது, அழிச்சுட்டுத் திற” என்றார். டேட்டா இல்லை. நானும் அழைப்பில் கிடைக்கவில்லை.

அந்தப் பெண் கைபேசியில் எஸ்க்யூலைட் ஆவணத்தைத் திறந்தார். தரவுத்தளம் எப்படியெல்லாம் கெடும் என்பதற்கே அதில் ஒரு தனிப் பக்கம் உண்டு. பாதியில் நின்ற பரிவர்த்தனையைத் திரும்பப் பெறுவதற்கான விவரம் அந்த ஜர்னல் கோப்பில்தான் இருக்கிறது, அதை அழித்தாலோ, பெயர் மாற்றினாலோ, தரவுத்தளத்தை மட்டும் தனியாக நகர்த்தினாலோ தரவு கெடலாம் என்று அந்தப் பக்கம் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு கோப்புகளையும் சேர்த்தே நகல் எடுத்தார். பிறகு மென்பொருளைத் திறந்தார். எஸ்க்யூலைட் ஜர்னலைப் பார்த்து, முடியாத பதிவைத் தானாகவே பின்வாங்கிக்கொண்டது, ஜர்னல் கோப்பும் மறைந்தது. ஒருமைப்பாட்டுச் சோதனைக்கான பிராக்மா கட்டளையையும் அதே ஆவணத்தில் பார்த்து ஓட்டினார். சரி என்று பதில் வந்தது. விட்டுப்போன அந்த ஒரு பதிவைக் கைச்சீட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினார்.

எனக்கு விவரம் தெரிந்தது மறுநாள், டேட்டா வந்தபோது அவர் அனுப்பிய செய்தியில். பழைய விண்டோஸ் 7 கணினியை மாற்றுவது பற்றி நிறுவனம் சம்பா கொள்முதலுக்குப் பிறகு முடிவு செய்ய இருக்கிறது. மாற்றினால் பைத்தான், ஜாங்கோ இரண்டின் பதிப்பும் மாறும். அன்றைக்கே கைபேசியில் இருக்கும் ஆவணங்களும் பீரோவில் இருக்கும் பென்டிரைவும் சேர்ந்து மாற வேண்டும் என்று மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும் தாளின் அடியில் அவர் எழுதி வைத்திருக்கிறார்.